சல்லடையைக் கீழே வைத்தவருக்கு

விடியலுக்கு முன்பே விழித்து, விரிந்த வாய்களுக்கு விருந்து வைத்த வித்தகரே! இடுக்கி முனையில் இரக்கத்தை ஏந்தி, இறகு முளைக்காத உயிர்களை இமைபோல் காத்த எங்கள் இனிய அண்ணனே! கூடிழந்த குஞ்சுகளின் குரலறிந்த குணக்குன்றே! முப்பத்தோர் ஆண்டுகள் இந்தப் பறவைக் காப்பகத்தின் தீனிக்கூடத்தில் தளராது நின்று, இன்றோடு பணி நிறைவு பெறும் தலைமைத் தீனி தயாரிப்பாளரே! எங்கள் அனைவரின் வணக்கத்தையும் ஏற்றருள்க!

இதற்கு மேல் இப்படியே போனால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். முகத்துக்கு நேரே யாராவது இரண்டு நல்ல வார்த்தை சொன்னால், அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லிக் கிளம்புவது உங்கள் வழக்கம். போய்ப் பார்த்தால் அடுப்பே பற்றவைத்திருக்காது. ஆகவே இனி வருவதை உங்களிடம் சொல்லவில்லை, இங்கே கூடியிருப்பவர்களிடம் சொல்கிறோம். யாரோ ஒரு மனிதரின் கதை என்று நினைத்துக்கொண்டு மாலையோடு உட்கார்ந்திருங்கள்.

அவையோரே, அண்ணன் இங்கே வருவதற்கு முன் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் இருந்தார். வயிற்றில் கத்தி பட்டவர்கள், பல் போனவர்கள், விழுங்கவே முடியாதவர்கள் என்று இருந்தவர்களுக்கெல்லாம் வேகவைத்து, மசித்து, வடிகட்டிக் கொடுப்பது அவர் வேலை. நோயாளி முகம் சுளிக்காமல் விழுங்கிவிட்டால் அன்றைக்கு அவருக்கு நிம்மதி. அந்தக் கைப்பக்குவத்தோடும் சொந்தமாக ஒரு சல்லடையோடும்தான் இங்கே வந்து சேர்ந்தார். வந்த வாரத்திலேயே "சல்லடை அண்ணன்" என்று பெயர் விழுந்துவிட்டது.

தீனிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தூக்கமில்லாத அந்தக் கனவு நிலை புரியும். காலை வெளுத்ததிலிருந்து பொழுது சாயும்வரை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். அடித்ததும் துணி விரித்த கிண்ணங்களிலிருந்து மஞ்சள் விளிம்பு வைத்த வாய்கள் ஒன்றாக எழும். ஊட்டி முடித்து, கிண்ணம் துடைத்து, கை கழுவித் திரும்பினால் அடுத்த மணி. குஞ்சு பொரிக்கும் பருவம் தொடங்கி நான்கு நாளானால் யார் விழித்திருக்கிறார்கள், யார் தூங்குகிறார்கள் என்று சொல்ல முடியாது. குழாய்த் தண்ணீரிலும் கீச்சுச் சத்தம் கேட்கும். கண்ணை மூடினால் இமைக்குள்ளே வாய்கள் திறக்கும். ஒருமுறை காவலாளி கொட்டாவி விட்டபோது, பக்கத்தில் நின்ற, காப்பகத்தின் பறவை மருத்துவரான டாக்டரம்மா பழக்கதோஷத்தில் அவர் வாய்க்குள் இடுக்கியை நீட்டிவிட்டார். காவலாளியும் அரைத் தூக்கத்தில் விழுங்கிவிட்டு, உப்பு கொஞ்சம் குறைச்சல் என்று சொன்னதாகக் கேள்வி.

அந்த மயக்கத்திலும் பிசகாமல் நடந்தது அண்ணனின் சலிப்பு வேலை. வேகவைத்த முட்டையின் கரு, காய்ந்த மீன்தூள், தோலுரித்த புழு எல்லாவற்றையும் அரைத்து, ஒருமுறை, இருமுறை, மும்முறை சலித்து, நாக்கில் பட்டது தெரியாத கூழாக்குவார். ஆவி பறக்கும் அந்தக் கூடத்தில், ஜன்னல் வெளிச்சத்தில், சல்லடையின் அடியில் மென்மையாக உதிர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றால் நமக்கே கண் சொருகும். குஞ்சுகள் கொழுத்தன. தினமும் காலையில் எடை பார்த்துச் சுவரில் வரைந்த கோடு ஏறிக்கொண்டே போனது. பார்க்க வந்தவர்களிடம் டாக்டரம்மா அந்தக் கோட்டைத்தான் முதலில் காட்டுவார்.

அண்ணன் பணிக்கு வந்து மூன்றாவது ஆண்டு. பெருங்காற்று ஒன்று அடித்து மரங்களெல்லாம் கூடுகளை உதறிவிட்டன. செருப்புப் பெட்டியில், தொப்பியில், சாப்பாட்டு டப்பாவில் என்று குஞ்சுகள் வந்து சேர்ந்தன. எல்லாம் விதை தின்னும் சிறு பாடும் பறவைகள். முதலில் வந்த பதினேழும் நன்றாக வளர்ந்து இறகு விட்டன. பெரிய கூண்டுக்கு மாற்றி, ஒரு பக்கம் கூழும் மறு பக்கம் விதையும் வைத்தோம். விதைக் கிண்ணத்தடியில் உமி கிடந்தது. ஆகா, விதை தின்னப் பழகிவிட்டன என்று எல்லாரும் மகிழ்ந்தோம். ஒரு நல்ல காலையில் கூண்டைத் திறந்துவிட்டோம். பதினேழும் பறந்தன. அண்ணன் ஜன்னலருகே நின்று கையசைத்தார், கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்கு அசைப்பதுபோல.

மூன்றாம் நாள் காலையில் அந்த ஜன்னல் விளிம்பில் ஒன்று வந்து உட்கார்ந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துப் பந்தாக இருந்தது. அண்ணனைப் பார்த்ததும் வாயைத் திறந்தது. "அட, என் செல்லமே, வீட்டு ஞாபகம் வந்துடுச்சா?" என்று ஆசையாகக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நெஞ்செலும்பு விரலைக் குத்தியது. தொண்டைப் பை நிறைய விதை இருந்தது. விளிம்பில் அது போட்ட எச்சத்திலும் விதைதான், உடையாமல், கரையாமல், முழுசாக. வயிறு நிறையத் தின்றுகொண்டே அது பட்டினி கிடந்திருக்கிறது.

மாலைக்குள் இன்னும் நான்கு வந்தன. ஐந்தும் பிழைக்கவில்லை. வராத பன்னிரண்டும் எங்கே கிடக்கின்றனவோ தெரியவில்லை.

டாக்டரம்மா ஒன்றை அறுத்துப் பார்த்தார். பல் இல்லாத பறவைக்குப் பல்லாக இருப்பது அரைவைப்பை. விதை தின்னும் பறவைக்கு அது கெட்டித் தசையாக இருக்க வேண்டும். இதற்கோ நனைந்த காகிதம்போல் மெலிந்து கிடந்தது. தாய்ப்பறவை முதலில் புழு கொடுக்கும், பிறகு புழுவோடு ஒரு விதை, பிறகு இரண்டு, கூடவே ஒரு மணல் துணுக்கு என்று மெல்ல மெல்லக் கடினமாக்கும். அந்தச் சில நாட்களில்தான் குஞ்சின் வயிறு தன் வேலையைக் கற்றுக்கொள்கிறது. தசை தடிக்கிறது, மாவைச் சர்க்கரையாக்கும் நொதி குடலில் ஊறத் தொடங்குகிறது. நம் குஞ்சுகளுக்கு அரைக்க எதுவும் வரவில்லை, மாவுப்பொருளும் வரவில்லை. வந்ததெல்லாம் மும்முறை சலித்த அன்பு.

"வயித்துக்கு வேலையே குடுக்கல அண்ணே" என்றார் டாக்டரம்மா, கையுறையைக் கழற்றிக்கொண்டே.

"நான்தான் குடுக்கல" என்றார் அண்ணன்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். கூடத்துச் சுவரில் அப்போது ஒரு தாள் ஒட்டியிருந்தது. "மாவுப்பொருள் வேண்டாம். மூன்று முறை சலிக்கவும்." எழுதியவர் டாக்டரம்மா. அன்று மாலை நிர்வாகி விசாரிக்க வருகிறார் என்றதும், அண்ணன் அந்தத் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இறப்புப் பதிவேட்டில் நோய்த்தொற்று என்று எழுதிவிடலாம் என்று டாக்டரம்மா தயங்கித் தயங்கிச் சொன்னபோது, பேனாவை வாங்கித் தானே எழுதினார்: "காரணம்: தீனி. செய்தது நான்." நிர்வாகி ஒரு மணி நேரம் வைது தீர்த்தார். தாள் அண்ணன் சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. இருபத்தெட்டு வருடமாக அந்தப் பதிவு அப்படியே இருக்கிறது. இந்த மடலை எழுதச் சொன்னவர் டாக்டரம்மா. இப்போது இதை வாசித்துக்கொண்டிருப்பவரும் அவரே. பாதித் தவறு அவருடையது, அதில் பெரிய பாதி.

ஆனால் அன்றைக்கு அழுதுகொண்டிருக்க நேரமில்லை. கூடத்தில் பின்னால் வந்து சேர்ந்த அதே இனக் குஞ்சுகள் இன்னும் இருபத்திரண்டு இருந்தன. ஒன்பது பத்து நாள் வயசு. அவையும் அதே கூழ் தின்று கொழுத்தவைதான். இன்னும் ஐந்தாறு நாள் போனால் அவற்றின் வயிறும் மாறாது என்று டாக்டரம்மா அஞ்சினார். இப்போதே மாற்றினால் தாங்குமா என்றும் தெரியவில்லை.

அண்ணன் சல்லடையைக் கழுவித் துடைத்து, பரண்மேல் கவிழ்த்து வைத்தார். புழுவைத் தோலோடு நறுக்கினார். தானியத்தை ஊறவைத்து ஒன்றிரண்டாக உடைத்தார். ஆற்று மணலைக் கொதிக்கவைத்துக் காயவைத்து, கடுகில் பாதியாக ஒரு துணுக்கு சேர்த்தார். மணி அடித்தது. வாய்கள் எழுந்தன. வழுக்கிப் போகும் கூழுக்குப் பழகிய குஞ்சுகள் முதல் கவளத்தைத் துப்பின. இரண்டாவதையும் துப்பின. துப்பிவிட்டு மறுபடி வாயைப் பிளந்து கத்தின.

முதல் நாள் எடைக்கோடு சரிந்தது. இரண்டாம் நாள் இன்னும் சரிந்தது. ஒரு குஞ்சு போய்விட்டது. இரண்டு நாள் எடை குறைந்தால் பழைய கூழுக்குத் திரும்ப வேண்டும் என்பது காப்பகத்தின் விதி. டாக்டரம்மா பரண்மேல் இருந்த சல்லடையில் கை வைத்துவிட்டார்.

"பசியில கத்துதுங்க அண்ணே. உங்களுக்குக் காது கேக்கலையா?"

"கேக்குதும்மா. காது கேட்டதாலதான் இத்தனை நாளா சலிச்சேன்."

"இன்னும் ரெண்டு போச்சுன்னா?"

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் குடுங்க. அதுக்கப்புறம் நீங்க சொன்னபடி."

டாக்டரம்மா கையை எடுத்துக்கொண்டார்.  அண்ணன் ஒவ்வொரு கிண்ணத்துக்கடியிலும் வெள்ளைத் தாள் விரித்து, எச்சம் விழ விழ அதை எடுத்து ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முழுத் தானியம். முழுத் தானியம். மறுபடியும் முழுத் தானியம். வெயில் ஜன்னலில் ஏறி இறங்கியது, மணி அடித்தது, அடித்தது, அடித்தது. அந்த நாளைப் பற்றிப் பின்னால் கேட்டபோது, தண்ணீருக்கு அடியில் நடந்ததுபோல் ஞாபகம் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பத்து மணிக்கு ஒரு தாளை எடுத்துப் பார்த்தவர், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அதில் தானியம் இல்லை. பொடி இருந்தது. நன்றாக அரைபட்டு, நிறம் மாறி, எதுவென்றே தெரியாத பொடி. அண்ணன் அந்தத் தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு டாக்டரம்மா அறைக்குப் போனார். அங்கே நிர்வாகி விருந்தாளிகளோடு உட்கார்ந்திருந்தார். மேசைமேல், அவர்கள் காபிக்குப் பக்கத்தில், பறவை எச்சத்தை விரித்து வைத்து, "பாருங்க" என்றார். விருந்தாளிகள் பார்த்த பார்வையை நாம் விவரிக்க வேண்டியதில்லை. டாக்டரம்மா மட்டும் எழுந்து நின்று கும்பிட்டார்.

எடைக்கோடு அன்று சரியவில்லை. மறுநாள் ஏறத் தொடங்கியது. பத்துப் பன்னிரண்டு நாளில் இருபத்தொன்றும் விதையைக் கொத்தி, உடைத்து, விழுங்கி, செரித்தன. கூண்டைத் திறந்த அன்று அண்ணன் கையசைக்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு புழு நறுக்கினார்.

மூன்றாம் நாள் வந்தது. அண்ணன் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. டாக்டரம்மாவும் காவலாளியும் மாறி மாறி அங்கே நின்றார்கள். விளிம்பில் காலை வெயில் விழுந்தது. ஓர் உதிர்ந்த இலை வந்து கிடந்தது, காற்று அதைத் தள்ளிக்கொண்டு போனது. மத்தியானம் ஆனது. நிழல் நீண்டது.

"யாராவது வந்தாங்களா?" கேட்ட அண்ணன், புழு நறுக்கும் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"யாரும் வரல அண்ணே."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட வரல."

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். முழங்காலைக் கட்டிக்கொண்டு சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார். வளர்த்தவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை என்று ஒரு மனிதர் அத்தனை சந்தோஷப்பட்டதை அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் கண்டதில்லை.

அண்ணே, இனி உங்களிடமே பேசுகிறோம். அன்று முதல் இன்றுவரை இந்தக் கூடத்தில் எந்தக் குஞ்சுக்கும் அதன் வயசுக்குத் தகுந்த கடினம் குறைந்ததில்லை. எங்களுக்கும்தான் நீங்கள் எதையும் சலித்துக் கொடுத்ததில்லை. தப்பைத் தப்பென்று முகத்துக்கு நேரே சொன்னீர்கள். செரிக்கக் கொஞ்ச நாளானது, ஆனால் உடம்பில் ஒட்டியது. அந்தப் பதிவேட்டில் உங்கள் வரிக்குக் கீழே இன்று காலை டாக்டரம்மா தன் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கடித்ததை மெல்லும் பல்லும், மென்றதைச் செரிக்கும் வயிறும், உண்ட களைப்பில் எந்த மணியும் எழுப்பாத மதியத் தூக்கமும், பேரப்பிள்ளைகள் இழுத்தால் நடக்கிற காலும் உங்களுக்குப் பல்லாண்டு வாய்க்கட்டும்! அண்ணியார் வைக்கும் சாப்பாட்டை வடிகட்டச் சொல்லாத வாழ்வு வளரட்டும்!

நாளை காலை முதல் மணி அடிக்கும்போது நாங்கள் எல்லாரும் வாசலைப் பார்ப்போம். நீங்கள் வரமாட்டீர்கள். வராமல் இருப்பதுதான் நல்ல சேதி என்று எங்களுக்குக் காட்டியவர் நீங்கள். ஆனாலும் அண்ணே, சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருப்போம்.

இவ்வண்ணம்,
உங்கள் கை பார்த்துக் கை பழகிய
தீனிக்கூடம், சிகிச்சை அறை, வாயிற்காவல் ஊழியர்கள் அனைவரும்