இடது பக்க இஞ்சின்

தினேஸ்வரி: ஏங்க, எறங்குங்க. எலுமிச்சம்பழம் ஒண்ணு உருண்டு போயிருச்சு.

பத்துமலை: நாலு சக்கரத்துக்கும் நீதானே வச்ச?

தினேஸ்வரி: வச்சேன்... உருண்டுருச்சு. என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க?

பத்துமலை: சரி சரி, தேடி வை. அவசரமில்ல. நான் ஹெல்மெட் வார இன்னொரு வாட்டி இறுக்கிக்கிறேன்.

தினேஸ்வரி: ரிவர்ஸ் இல்லாத காடிய யாராச்சும் கோயில் சுவத்தப் பார்த்து நிறுத்துவாங்களா? பின்னால தள்ளித் தள்ளி என் இடுப்பே போச்சு.

பத்துமலை: மோட்டர்சைக்கிள் இஞ்சின்ல ரிவர்ஸ் ஏது தினேசு? முனியாண்டிக்கு முதுகக் காட்டியா பூசை போடுறது?

தினேஸ்வரி: ஊருல புருசன்மாரு வீடு கட்டுறாங்க. எனக்கு வாச்சது காடி கட்டுது. நாலு இரும்புக் குழாய், ரெண்டு மோட்டர்சைக்கிள் இஞ்சின். கதவுகூட கெடையாது...

பத்துமலை: வெயிட்டு இல்லேன்னாத்தான்லா பறக்கும்.

தினேஸ்வரி: அதான் எனக்குப் பயம்!

பத்துமலை: இரு, ஒன் தம்பி போன் அடிக்கிறான். ஆ, தேவா, சொல்லு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், ஒங்கக்காவும் கேக்குறா.

தேவன்: மச்சான், நான் ரோட்டுக் கடைசியில நிக்கிறேன். செம்பனை ஏத்துற லோரி ஒண்ணும் வரல, ரோடு காலியா இருக்கு. கோப்பெங் பசங்க, புந்தோங்லேர்ந்து ஒங்க பட்டறை ஆளுங்க, எல்லாரும் ஒங்க காடி ஓடுறதப் படம் எடுக்க போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. என்ன, பயமா?

பத்துமலை: யாருக்குடா பயம்? வாரேன்னு சொல்லு.

தேவன்: முழு ஸ்பீடுல வரணும் மச்சான். ஐஸ்காரன் மாதிரி மணியாட்டிக்கிட்டு வந்தீங்க, அப்புறம் புந்தோங்ல தல காட்ட முடியாது.

தினேஸ்வரி: டேய், போன வைடா! வாயில நல்லதே வராதா ஒனக்கு?

பத்துமலை: வச்சிட்டான்... விடு.

தினேஸ்வரி: ஏங்க, இன்னைக்கு ஒரு இஞ்சின மட்டும் ஓட்டுனா போதாதா?

பத்துமலை: ஆகாது. வலது இஞ்சின் வலது சக்கரத்துக்கு, இடது இஞ்சின் இடது சக்கரத்துக்கு. ரெண்டும் ஒண்ணாத் தள்ளுனாத்தான் காடி நேராப் போகும்.

தினேஸ்வரி: ஒண்ணு பாதியில விட்டுருச்சுன்னா... மெதுவாப் போகும். அவ்வளவுதானே?

பத்துமலை: மெதுவாவா? இப்ப இடது பக்கம் விட்டுருச்சுன்னு வை. வலது சக்கரம் மட்டும் தள்ளும். காடி சட்டுன்னு இடது பக்கம் திரும்பிக்கும்.

தினேஸ்வரி: இடது பக்கம்... ஈயக்குட்டையில்ல இருக்கு!

பத்துமலை: ஆமா. ஈயம் எடுக்க லம்பம் தோண்டுன குட்டை. ஆழம் எவனுக்குத் தெரியும்?

தினேஸ்வரி: அப்ப... குட்டைக்குள்ளயா போகும்?

பத்துமலை: என்ன, மூஞ்சி வெளுத்துப் போச்சு?

தினேஸ்வரி: இத ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?

பத்துமலை: காடின்னு வாயத் தொறந்தாலே, 'போ, ஒன் வப்பாட்டிகிட்ட போ'ன்னு வெரட்டுவ. எங்க சொல்றது?

தினேஸ்வரி: சாப்பிட்டுப் போங்க. நாசி லெமாக் சோத்தப் பொட்டலமாத் தாப்பாவ் பண்ணியாந்தேன்...

பத்துமலை: குடு, சாப்பிடுறேன்.

தினேஸ்வரி: காரச் சம்பல் ஜாஸ்தி. வயித்துக்கு ஆகாதேன்னு...

பத்துமலை: பரவால்ல. மெதுவாத் திங்கிறேன்... இந்தா, மறுபடியும் அடிக்கிறான்.

தேவன்: மச்சான், என்ன ஆச்சு? இங்க பசங்க சிரிக்கிறாங்க.

பத்துமலை: வாரேன்டா! ரெண்டு நிமிசம்... வச்சிர்றேன். தினேசு, தள்ளி நில்லு. ஸ்டார்ட் பண்ணப் போறேன்.

தினேஸ்வரி: ஏங்க...

பத்துமலை: சொல்லு.

தினேஸ்வரி: ஒண்ணுமில்ல.

பத்துமலை: ஒண்ணுமில்லேன்னா தள்ளி நில்லு. பண்ணப் போறேன்... இப்பப் பண்ணிருவேன்...

தினேஸ்வரி: வேணாம்! எறங்குங்க! முனியாண்டி மேல சத்தியமா எறங்குங்க! இடது பக்க இஞ்சின் செயினப் பூட்டுற கிளிப்பு இல்ல. காலையில நீங்க குளிக்கப் போனப்ப நான்தான் பிளையர் வச்சுக் கழட்டிட்டேன்.

பத்துமலை: நீயா?

தினேஸ்வரி: நீங்க மாட்டுறப்ப டார்ச் புடிச்சவ நான்தானே? செயின் கழண்டா காடி வழியிலேயே நின்னுரும், மனுசன் திட்டிக்கிட்டே நடந்து வந்துருவாருன்னு நெனச்சேன். பயமா இருந்துச்சுங்க... ஒரு வாரமாத் தூக்கமே இல்ல. ஐயோ, என் புருசன நானே குட்டையில தள்ளப் பார்த்தேனே!

பத்துமலை: அழாத. தெரியும்லா. காடியப் பின்னால தள்ளுறப்பவே கிளிப்பு இல்லாததப் பார்த்துட்டேன்.

தினேஸ்வரி: தெரிஞ்சுமா ஏறி ஒக்காந்தீங்க?

பத்துமலை: ஒக்காந்தேன், அவ்வளவுதான். சாவி இன்னும் என் சட்டைப்பையிலதான் இருக்கு. அத்தன பேரக் கூப்ட்டு வச்சுக்கிட்டு, பயமா இருக்குடான்னு எப்படிச் சொல்றது? நீ எப்ப ஒத்துக்குவ, ஒம்மேல பழியப் போட்டுட்டு எறங்கிரலாம்னுதான் இவ்வளவு நேரமா காத்துக்கிட்டு இருக்கேன்.