இஞ்சின் ஆறிய பிறகு

ஸ்பார்க் பிளக் மாற்றுவதற்கு மெக்கானிக் தேவையில்லை, சாமி. பிளக் ஸ்பேனர் ஒன்று இருந்தால் வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கழற்ற வேண்டும். சூட்டோடு திருகினால் மரை போய்விடும், கையும் சுட்டுவிடும். என் விரலில் கைக்குட்டை சுற்றியிருப்பதைப் பார்க்கிறீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

போன பெரிய வியாழனுக்குப் பிறகு இப்போதுதான் பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறேன். விஷயம் என் மாமனார் சூசைமாணிக்கத்தைப் பற்றியது. எங்களோடுதான் இருந்தார். போன மாதம் நீங்கள்தான் அடக்கப் பூசை வைத்தீர்கள். ஆண்டவர் அழைத்துக்கொண்டார் என்று பிரசங்கத்தில் சொன்னீர்கள். அதில் என் பங்கும் கொஞ்சம் இருக்கிறது.

நான் கெட்டவன் இல்லை. என் மனைவி ரோசலின் மீது ஒரு நாளும் கை நீட்டியதில்லை. குடிப்பழக்கம் கிடையாது. அவள் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்துக்குக் காலையில் நான்தான் காரில் கொண்டுபோய் விடுவேன், சாயங்காலம் கூட்டிவருவேன். பையை அணைத்துக்கொண்டு, என் வண்டி வருகிறதா என்று பார்த்தபடி கேட் பக்கத்தில் நிற்பாள். எனக்கு அது பிடிக்கும். நாற்பது வயதுக்கு மேல் அவள் கார் ஓட்டப் பழகினாள். நன்றாகவே ஓட்டினாள், பொய் சொல்லக் கூடாது. தனியாக வத்தலக்குண்டு போய்த் தங்கச்சியைப் பார்த்துவிட்டு வந்தாள். அன்று சமைக்கும்போது பாடினாள். எனக்கு வயிறு எரிந்தது.

எங்களுடையது மூன்று பிளக் உள்ள பழைய வண்டி. புதிது மாட்டும்போது பழையதைத் தூக்கிப் போடாமல் துணியில் சுற்றி வைப்போம். நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான், அவசரத்துக்கு ஆகும் என்று. என்னிடம் இருந்தவை எதற்கும் ஆகாமல் அடியோடு செத்தவை. ரோசலின் எங்காவது தனியாகக் கிளம்பப் போகிறாள் என்றால், அவள் எழுவதற்கு முன் நல்லதைக் கழற்றிவிட்டுச் செத்ததை மாட்டிவிடுவேன். நல்லது மூன்றும் மாதா படத்துக்குப் பின்னால் இருக்கும். அவள் சாவியைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுவாள். டீ போடச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு மாற்றுவேன். வண்டி உடனே கிளம்பிவிடும். அது என் கைக்குத்தான் கட்டுப்படுகிறது என்று அவளே அக்கம்பக்கத்தில் சொல்ல ஆரம்பித்தாள். வண்டி வேலை கொஞ்சம் தனக்கும் காட்டித் தரச் சொல்லி ஒருமுறை கேட்டாள். கையெல்லாம் கிரீஸாகும் என்று சொல்லிவிட்டேன்.

அந்தோணியார் திருவிழாவில் அந்த வண்டியை மந்திரிக்கக் கொண்டுவந்தாளே, நினைவிருக்கிறதா? நீங்கள் தீர்த்தம் தெளித்தீர்கள். அந்த வாரம் முழுக்க நான் பிளக்கைத் தொடவில்லை. சாமி மந்திரித்தது பலிக்கவில்லை என்று யாரும் பேசிவிடக் கூடாதே.

மாமனார் இறந்த அன்று அவள் திரும்பவும் வத்தலக்குண்டு போவதாக இருந்தது. வழக்கப்படி மாற்றி வைத்துவிட்டு, வடமதுரையில் நான் வேலை பார்க்கும் விதைக் கடைக்கு பைக்கில் போய்விட்டேன். கடை திறந்து கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"அப்பாவுக்கு நெஞ்சு வலிக்குதுங்க. வேர்த்துக் கொட்டுது. வண்டி எடுக்கவே மாட்டேங்குது." பின்னால் மாமனார் முனகுவது கேட்டது. "ஆம்புலன்சுக்குப் போன் போடவா?"

மாதா படத்துக்குப் பின்னால் பார் என்று சொன்னால் போதும், சாமி. ஸ்பேனர் டிக்கியில் இருந்தது. எப்படித் திருகுவது என்று போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நல்ல பிளக் அங்கே எப்படி வந்தது என்று கேட்பாளே. ஆம்புலன்சையாவது கூப்பிடச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் வெகு நாளைக்குப் பிறகு அவள் குரல், கேட் பக்கத்தில் நிற்பவளின் குரலாக இருந்தது.

"அது வர்றதுக்குள்ள நானே வந்துருவேன். செத்த நேரம் பொறு," என்றேன்.

வேகமாகத்தான் வந்தேன். வழியில் எங்கும் நிற்கவில்லை. மாமனாருக்கு அப்போதும் உயிர் இருந்தது. "மாப்ள வந்துட்டாரு, இனி பயமில்ல," என்று மகளிடம் சொன்னார். அவருடைய ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துவர ரோசலினை மாடிக்கு அனுப்பிவிட்டு மூன்றையும் மாற்றினேன். வண்டி உடனே எடுத்தது. தாடிக்கொம்பு தாண்டியதும் அவர் தலை சாய்ந்துவிட்டது.

அடக்கம் முடிந்து ரோசலின் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க வீட்டுல இருந்திருந்தா அப்பா பொழைச்சிருப்பாரு," என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னை விட்டு எங்கும் போவதில்லை.

அவளிடம் உண்மையைச் சொல்வதுதான் எனக்கு அபராதம் என்கிறீர்கள். ஜெபமாலை எத்தனை வேண்டுமானாலும் சொல்கிறேன், இதை மட்டும் கேட்காதீர்கள். அவள் தாங்க மாட்டாள். அவளுக்காகத்தான் சொல்கிறேன். மற்றபடி நான் மனதார வருந்துகிறேன், அந்தப் பழக்கத்தையும் விட்டுவிட்டேன்.

விரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே காரில்தான் வந்தோம். ரோசலின் கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருக்கிறாள். அழுது முடித்துவிட்டு எனக்கு முன்பே வெளியே வந்துவிடலாம், சாவி அவளிடம் இருக்கிறது. இஞ்சின் ஆறும்வரை காத்திருக்க இன்று எனக்கு நேரமில்லை, சாமி. பிளக் மூன்றும் என் சட்டைப் பையில் இன்னும் சூடாக இருக்கின்றன.