சன்னல் பக்கம் நின்ற கொடி

பெயர்: ஆர்லிஸ் டோலஃப்சன்.
வயது: 56.
தகப்பனார்: ஹெல்மர் டோலஃப்சன் (காலமாகிவிட்டார்).
தொழில்: பண்ணைகளில் பால் மாதிரி எடுப்பது.
முகவரி: பழைய சுண்ணாம்புச் சூளைச் சாலை, நார்ட்லன் கிராமம், விஸ்கான்சின்.
2019 ஜூலை 30, செவ்வாய், காலை 10 மணிக்குத் துணை ஷெரிஃப் மார்லோ ஸ்டென்ஸ்பி முன்னிலையில் சொன்னது.

வக்கீல் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்று முதலிலேயே சொன்னார்கள். வேண்டாம் என்றேன்.

நான் மேற்படி முகவரியில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். முப்பத்தொரு வருடமாக இந்த வட்டாரத்து நாற்பத்திரண்டு பண்ணைகளுக்கும் மாதம் ஒரு முறை போய், ஒவ்வொரு மாட்டின் பாலிலும் மாதிரி எடுத்து, கொழுப்பு இவ்வளவு என்று அளந்து எழுதிக் கொடுப்பது என் வேலை. இந்த மாதம் 20ஆம் தேதி சனிக்கிழமை கண்காட்சித் திடலில், பின்னால் திறந்த தொட்டியுள்ள பிக்கப் வண்டிகளுக்கு நடந்த இழுவைப் போட்டியில் நான் ஓட்டிய வண்டியால் டுவைட் பிரெக்கிக்குக் கால் எலும்பு முறிந்தது. அன்று கொடி காட்டியவர் வெர்லின் கூல், வயது 71. ஓட்டுகிறவருக்குத் தெரியாத இடத்தில் நின்று சிவப்புக் கொடி காட்டினார் என்று சொல்லிப் போட்டிக் கமிட்டி அவரிடமிருந்து கொடியை வாங்கிவிட்டது. கொடி தெரிந்ததா இல்லையா என்பது வண்டிக்குள் உட்கார்ந்திருந்த ஒருத்திக்குத்தான் தெரியும், அது நான். அதைச் சொல்லத்தான் வந்தேன், ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

எழுதுகிற அதிகாரி மில்வாக்கியிலிருந்து மாற்றலாகி வந்தவர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் போட்டியில் இழுக்கிற பாரத்துக்கு ஸ்லெட் என்று பெயர், தலையில்லாத லாரி மாதிரி இருக்கும். அதைச் சங்கிலியால் வண்டியின் பின்கொக்கியில் மாட்டி மண் தடத்தில் இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க அதன் மேலிருக்கும் எடைப்பெட்டி முன்னால் நகர்ந்து வந்து பாரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். முந்நூறு அடி போனால் முழு இழுப்பு. பெரும்பாலும் யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை.

பதினான்கு வருடம் வேலிக்கு வெளியே எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டே இதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒரே சந்தேகம். கடையிலிருந்து வந்தபடியே இருக்கிற வண்டி ஒன்று அப்படி இழுத்துக்கொண்டே போனால் எது முதலில் கைவிடும்? எஞ்சின் மூச்சை விடுமா, சக்கரம் பிடியை விடுமா, நடுவில் ஏதாவது ஒடியுமா? கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கறந்து பார்க்காமல் கொழுப்பு சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆகவே இந்த வருடம் மாற்றம் எதுவும் செய்யாத வண்டிகளுக்கான பிரிவில் என் சொந்த வண்டியைப் பதிவு செய்தேன். பால் புட்டிகள் ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போகும் அதே வண்டி. என் தம்பி கர்ட் அதைக் கேட்டுவிட்டு, "அக்கா, அதை ஒடச்சிட்டு திங்கக்கிழமை மாட்டுக்குப் பின்னாடி நடந்தே போவியா?" என்றான். "நடந்தா ஒடம்புக்கு நல்லதுதான்டா" என்றேன்.

அன்று காலை பத்து மணிக்கு நான் எட்டு மூட்டை மணலை வண்டியின் பின்தொட்டியில், பின் அச்சுக்கு நேர் மேலே அடுக்கிக் கட்டினேன். நவம்பர் முதல் மார்ச் வரை பனியில் சக்கரம் வழுக்காமலிருக்க இங்கே எல்லோரும் செய்வதுதான். பிடி வேண்டுமென்றால் மணல் பின்னால் போகும் என்பது எங்களுக்கெல்லாம் கையில் ஊறிய பழக்கம். அதன் பிறகு திடலுக்குப் போய் எடை போட்டு, கொக்கியின் உயரத்தை அளக்கக் கொடுத்து, இரண்டும் சரி என்று சீட்டு வாங்கி, வரிசையில் ஏழாவதாக நின்றேன்.

வெர்லின் கூலுக்கு ஒரு வழக்கம் உண்டு. இழுக்கும் முன் ஒவ்வொரு ஓட்டுநரின் சன்னலுக்கும் வந்து, பச்சை என்றால் என்ன, சிவப்பு என்றால் என்ன என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்வார். நாற்பது வருடம் பழகியவனாக இருந்தாலும் விடமாட்டார். என்னிடமும் வந்தார். வந்தவர் பின்தொட்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஆர்லிஸ், ஜூலை மாசத்துல பனி பெய்யப் போவுதா?"

"பிடி வேணாமா?"

"ஸ்லெட்டே பின்னாடி அமுக்கும்மா. நீயும் அமுக்குனா மூக்கு மேல போயிரும். முன்சக்கரம் தரையில இருக்காது. மூட்டைய எறக்கிரு."

எனக்கு முன்னால் இருந்த வண்டி அப்போது தடத்தில் ஏறிவிட்டது. எட்டு மூட்டையையும் அவிழ்த்து இறக்கினால் வரிசையை விட்டுப் போக வேண்டியிருக்கும். அதோடு, மூக்கு எவ்வளவு தூக்கும் என்று பார்க்கவும் எனக்கு ஆசை வந்துவிட்டது. "இருக்கட்டும் வெர்லின், என்னதான் ஆவுதுன்னு பாப்போமே" என்றேன்.

"நீ அடங்க மாட்ட. சரி, அப்ப நான் எப்பவும் நிக்கிற எடத்துல நிக்கல. மூக்கு தூக்குனா முன்கண்ணாடில ஒனக்கு வானந்தான் தெரியும். எடது பக்கமா தள்ளி, ஒன் சன்னலுக்கு நேரா வரேன். முன்னாடி தேடாத, சன்னல்ல பாரு. இப்ப சொல்லு, சிவப்புன்னா?"

"காலை எடுக்கணும்."

"எப்ப?"

"அப்பவே."

இந்தப் பேச்சை எங்கள் இருவரைத் தவிர யாரும் கேட்கவில்லை.

பிற்பகல் சுமார் 2.20க்கு டுவைட் பிரெக்கி சங்கிலியை மாட்டிவிட்டு வண்டியைத் தட்டிக் கொடுத்தான். அவன் இந்தப் போட்டியில் கொக்கி மாட்டுகிறவன், பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவன். நான் நான்கு சக்கரமும் இழுக்கிற தாழ்ந்த கியரில் போட்டு, சங்கிலி இறுகும்வரை மெல்ல நகர்த்தி, பச்சைக் கொடி அசைந்ததும் முழுக்க அழுத்தினேன்.

முதல் நூறு அடி ஒன்றுமே இல்லை, சந்தைக்குப் போகிற மாதிரி போயிற்று. அதன் பிறகு வண்டி உட்கார ஆரம்பித்தது. அதன் பிறகு வெர்லின் சொன்னபடியே மூக்கு தூக்கி, முன்கண்ணாடியில் வானம் மட்டும் தெரிந்தது, ஸ்டியரிங் கையில் கனமே இல்லாமல் சுழன்றது. பயந்திருக்க வேண்டும். எனக்குப் பயமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது. நூற்றெழுபது அடி தாண்டியபோது பின்சக்கரங்கள் குதிக்கத் தொடங்கின. பின் அச்சைத் தாங்கும் வில்பட்டைகள் முறுக்கி முறுக்கி விடுவதால் வரும் குதிப்பு அது. இருக்கையை யாரோ அடியிலிருந்து உதைப்பது போல இருந்தது. அப்படிக் குதித்தால் ஏதாவது ஒடியும், ஆகவே அங்கே சிவப்பு காட்டுவதுதான் முறை.

நான் சன்னலைப் பார்த்தேன். வெர்லின் அங்கே நின்றுகொண்டிருந்தார். அவர் சொன்ன இடம்தான், என் சன்னலுக்கு நேராக, பதினைந்து அடி தள்ளி. சிவப்புக் கொடி தலைக்கு மேலே இருந்தது. அவர் வாயைத் திறந்து கத்துவது தெரிந்தது, எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. அவருடைய இடது காலணியின் கயிறு அவிழ்ந்து கிடந்தது வரைக்கும் எனக்குத் தெரிந்தது.

அதைப் பார்த்த பிறகும் நான் காலை எடுக்கவில்லை. மூன்று எண்ணும் நேரம் அழுத்தியே வைத்திருந்தேன். எண்ணினேன் என்பதால் சொல்கிறேன். எஞ்சின் அடங்கவில்லை, சக்கரமும் வழுக்கவில்லை, ஆகவே மூன்றாவதுதான் மிச்சம், அது எப்படி இருக்கும் என்று பார்க்க நினைத்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணி மூன்று சொல்லும்போது, எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் ஷாஃப்ட் ஒடிந்தது. கதவைச் சாத்துவது போல ஒரே ஒரு சத்தம். வண்டி அப்படியே கீழே உட்கார்ந்தது. பதினான்கு வருடச் சந்தேகம் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு நான் கதவைத் திறந்தேன்.

அப்போதுதான் டுவைட் மண்ணில் கிடப்பதைப் பார்த்தேன். சிவப்பு காட்டினால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் சங்கிலியைக் கழற்ற வேண்டும், ஆகவே அவன் கொடியைப் பார்த்துத் தடத்துக்குள் வந்திருக்கிறான். ஒடிந்த ஷாஃப்டிலிருந்து பறந்துபோன இரும்புத்துண்டு அவன் முழங்காலுக்குக் கீழே அடித்திருந்தது. கையுறையைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தான். நான் திறந்த கதவருகிலேயே நின்றேன். வெர்லின்தான் தன் இடுப்பு வாரை அவிழ்த்து அவன் தொடையில் கட்டினார்.

அடுத்த நாளிலிருந்து என் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கிச் சுட்ட சட்டி மூன்று வீட்டிலிருந்து வந்தது. எங்கள் பக்கம் அது சாவுக்கும் வரும், அவமானத்துக்கும் வரும். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. மூக்கு தூக்கியிருந்ததை ஊரே பார்த்தது, கொடி எப்படித் தெரிந்திருக்கும், பாவம், என்றார்கள். கமிட்டியில் இருக்கும் என் தம்பி கர்ட் சமையலறையில் உட்கார்ந்து சொன்னான்: "அக்கா, நீ பொய் சொல்ல வேணாம். சும்மா இரு. கொடி தெரிஞ்சிருக்காதுன்னு ஊரே சொல்லிருச்சு. வெர்லினுக்கும் வயசாயிருச்சு, எப்படியும் ஒரு நாள் கொடியக் குடுக்கத்தான் வேணும்."

"அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஏன் எடம் மாறி நின்னீங்கன்னு கேட்டோம். நான் நின்ன எடம் தப்புன்னா தப்புதான்னாரு. அதுக்கு மேல வாயே தெறக்கல."

கர்ட் போன பிறகு அந்தச் சட்டிகளில் எதையும் என்னால் சாப்பிட முடியவில்லை. வெர்லின் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் மாட்டியிருப்பேன். அவர் சொல்லவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். பழி போய்ச் சேர்ந்த இடம், எனக்காக இடம் மாறி நின்ற மனிதர்.

26ஆம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போய் டுவைட்டைப் பார்த்தேன். காலில் ஆறு ஆணி வைத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "எத்தன அடி போன?" என்பதுதான்.

"நூத்தித் தொண்ணூத்தெட்டு. சிவப்புக்கு அப்புறம் போனது கணக்குல வராது."

"பரவால்ல, கடை வண்டிக்கு அது அதிகம்." போர்வையை இழுத்துக் காலை மூடினான். "வெர்லின் கண்ணுல படாத எடத்துல நின்னுட்டாருன்னு பேசிக்கிறாங்க. அந்த ஆளை நம்பித்தான் ஆர்லிஸ் இத்தன வருஷமா நான் தடத்துல எறங்குறேன். இனிமே எப்படி எறங்குறது?"

நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாததற்கு வெட்கப்படுகிறேன். நான்கு நாள் யோசித்து இங்கே வந்தேன்.

என்னை யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. எழுதியதைத் துணை ஷெரிஃப் எனக்கு வாசித்துக் காட்டினார். ஒரு பிழை இருந்தது. "சிவப்புக் கொடியைக் கவனிக்கத் தவறிவிட்டேன்" என்று அவர் தொகுத்து எழுதியிருந்தார். அது எனக்கு உதவும் என்று நினைத்து எழுதினாரோ என்னவோ. அந்த வரியை அடிக்கச் சொல்லி, "சிவப்புக் கொடியை நன்றாகப் பார்த்தேன், பார்த்த பிறகும் நிறுத்தவில்லை" என்று எழுதச் சொல்லி, ஓரத்தில் என் முதலெழுத்துகளை இட்டேன். திருத்திய பிறகு இதிலுள்ளது அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) ஆர்லிஸ் டோலஃப்சன்