சாம்பிராணி தாங்கும் கேசிங்

புக்கிட் பெருவாங் கிளினிக்கில் மகளின் தடுப்பூசிக்காகக் காத்திருந்தேன். ஊசி அட்டையின் தேதியை மூன்றாவது முறையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் ஒரு பெண் தன் கணவனிடம் சொன்னாள்:

“சாம்பிராணிப் புகைய தாங்குற கேசிங் இருக்கான்னு கடைக்காரர கேளுங்க.”

கேம் விளையாடுவதற்காக அவன் சாமான்களைத் தனித்தனியாக வாங்கி ஒரு கம்ப்யூட்டர் செய்யப் போகிறான், கேசிங் என்பது அதன் வெளிப்பெட்டி என்று பேச்சில் புரிந்தது. ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனாலும் திரும்பாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“கிண்டல் பண்ணாத லா.”

“கிண்டல் இல்ல. பழச தொறந்தப்ப ஃபேன் முழுக்கக் கரி. சாமி மேடைக்குப் பக்கத்துல வச்சது யாரு?”

“அங்கதானே பிளக் இருக்கு.”

“வெள்ளிக்கெழம ஆனா அத்தை அதுக்கும் சேர்த்துத்தான் சாம்பிராணி காட்டுறாங்க. நல்லா ஓடணுமாம்.”

“ஃபில்டர் வச்ச கேசிங் வாங்குனா நல்ல கிராபிக்ஸ் கார்டுக்கு பட்ஜெட் பத்தாது. மட்டமான கார்டுதான் கெடைக்கும். புது கேம் எதுவும் ஓடாது.”

“அப்போ சாதா கேசிங் எடுங்க. அந்தப் பக்கம் புகை காட்ட வேணாம்னு அத்தைகிட்ட சொல்லிடுங்க.”

“நீ சொல்லேன்.”

“உங்க அம்மா, உங்க கம்ப்யூட்டர். நீங்களே சொல்லுங்க.”

மகளின் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு எழும்போது அவன் சொன்னது காதில் விழுந்தது.

“பழைய கேமும் நல்லாத்தான் இருக்கும்.”