நம்பாதீர்கள் என்றுதான் சொன்னேன்

பழைய புத்தகம் வாங்குகிறவன் முதலில் அதை முகர்ந்துதான் பார்ப்பான், ஐயா. ஈரம் பட்ட புத்தகம் ஒன்று வீட்டுக்குள் வந்தால் போதும், பக்கத்தில் இருக்கிற நல்ல புத்தகத்தையும் கெடுத்துவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே செத்துப்போன அந்தப் பழைய புத்தகக் கடைக்காரர்தான். அவர் மகள் கேட்டுக்கொண்டதால்தான் நான் இங்கே வந்தேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், பார்த்திருப்பீர்கள்.

"அங்கிள், எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்லைன்னு ஸ்டேஷன்ல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க" என்றாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. இப்போது அவளிடம் கையை நீட்ட நோயாளிகள் மறுக்கிறார்களாம். வீட்டுக்காரர் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். அப்பன் பெயர் சுத்தமானால்தான் அவள் இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியும். அதற்கு நான் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள், அவசரமில்லாமல் சொல்கிறேன்.

நான் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு குமாஸ்தா. இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வந்து கத்துவார்கள். நான் எழுதிக்கொண்டு ஒரு எண் கொடுத்து அனுப்புவேன். ஜனங்கள் எப்படிப் பேசுவார்கள் என்பதை அந்த நாற்காலியில்தான் கற்றுக்கொண்டேன். ஒருவன் சொல்வதை வரிசையில் அவனுக்குப் பின்னால் நிற்பவன் தன் சொந்த அனுபவமாகச் சொல்வான். அதற்குப் பின்னால் நிற்பவன் அதற்குக் கண், காது, மூக்கு வைப்பான். எல்லோரும் மனதாரத்தான் சொல்வார்கள்.

அந்த ஆர்வத்தில்தான் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தேன். யுத்தகாலத்தில் ஜனங்களை எதை நம்ப வைத்தார்கள், எப்படி நம்ப வைத்தார்கள் என்று சொல்லும் புத்தகங்கள் மட்டும். விமானத்திலிருந்து போட்ட துண்டுப் பிரசுரங்கள், சுவரொட்டிகள், ரேஷன் வரிசையில் பிறந்த வதந்திகள், அவற்றை வாராவாரம் பொறுக்கி எடுத்துக் கோப்பில் வைத்த அலுவலகங்கள். முந்நூற்று நாற்பது புத்தகம் இருக்கிறது. "சண்டைப் புத்தகமா வாங்கி அடுக்கறீங்களே, இந்த வீட்ல சண்டை போட நான் ஒருத்தி போதாதா?" என்பாள் என் மனைவி.

எல்லாம் அவர் கடையில் வாங்கியவை. இந்த வகையில் எது வந்தாலும் அவர் எனக்கென்று எடுத்து வைப்பார். அச்சகத்தில் கழித்துப்போட்ட பள்ளிக்கூட வரைபடத் தாள்களை எடைக்கு வாங்கி வைத்திருந்தார்; கிழிந்த புத்தகங்களுக்கெல்லாம் அதில்தான் அட்டை போடுவார். அட்டை போட்டு, சணல் கயிற்றால் கட்டி, 'தண்ணி சார்' என்று சீட்டு எழுதிச் செருகிவிடுவார். புதிதாகப் பார்ப்பவர்கள் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

சென்ற மழைக்காலத்தில் போன் செய்தார். பதினோரு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த இரண்டு பாகப் புத்தகம் வந்துவிட்டது. யுத்தத்தின்போது கடைகளிலும் ரயிலிலும் ஜனங்கள் பேசியதை ஒட்டுக்கேட்டுத் தொகுத்த அறிக்கைகள். சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கட்டு இல்லை. சீட்டு மட்டும் தரையில் கிடந்தது. கல்லூரியில் பாடம் நடத்துகிற ஓர் அம்மாள் முந்தின நாள் வந்து வாங்கிப் போய்விட்டாளாம்.

"அவங்க ஆராய்ச்சி பண்றாங்க சார். நீங்க சும்மா படிக்கிறவர்தானே? படிச்சு என்ன பண்ணப் போறீங்க, சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே டீ வரவழைத்தார்.

டீயைக் குடித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. கேள்வி நியாயமான கேள்விதான். பதினெட்டு வருடம் படித்ததை வைத்து என்ன செய்யப்போகிறேன்? வீட்டுக்கு நடந்து போகும்போது வழி நெடுக அதைத்தான் யோசித்தேன்.

அந்த மாதம்தான் எல்லையில் சண்டை மூண்டது. ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொன்னார்கள். எங்கள் தெருத் தையல்காரரின் மகன் இரண்டாவது வாரமே செத்துப்போனான். ஊரே வெறும் வாயை மென்றுகொண்டிருந்தது, ஐயா. கொஞ்சம் அவல் போட்டால் போதும்.

சலூனைத் தேர்ந்தெடுத்தேன். கழுத்தில் கத்தி இருக்கும்போது யாரும் எழுந்து போக மாட்டார்கள், குறுக்கேயும் பேச மாட்டார்கள். சலூன்காரர் தங்கமான மனிதர்; வாயில் மட்டும் எதுவும் தங்காது. "பழைய புத்தகக் கடைக்காரர் மேப்பை அட்டை மாதிரி போட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பறார்னு பேசிக்கறாங்களாமே? நீங்க அதையெல்லாம் நம்பாதீங்க. நல்ல மனுஷன்" என்றேன். அப்படி யாருமே பேசியிருக்கவில்லை. பொய்யை இல்லையென்று சொல்லித்தான் உள்ளே நுழைக்க வேண்டும். இருக்கிறது என்று சொன்னால் ஜனங்கள் சந்தேகப்படுவார்கள். இதில் ஒரு பொய்கூட என் வாயால் உறுதியாகச் சொல்லப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாலாம் நாள் அது என் வீட்டுக்கே திரும்பி வந்தது. சோறு போட்டுக்கொண்டே மனைவி சொன்னாள். அவள் சொன்னபோது கடைக்காரருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு தம்பி முளைத்திருந்தான். எழுந்துபோய் நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தேன். அந்த மாதத்தில் அப்படிப் பதினேழு விதமாகத் திரும்பி வந்தது. எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு அலுவலகம் போவதே பிடித்திருந்தது.

ஆனால் பேச்சு பேச்சாகவே நின்றுவிட்டது. கண்ணால் பார்க்க ஒன்று வேண்டியிருந்தது. ஒரு நாள் காலை கடைக்காரரிடமே போனேன். "ஊர்ல கண்டபடி பேசறாங்க. அந்த மேப்பையெல்லாம் கொஞ்ச நாளைக்கு உள்ளே எடுத்து வைங்களேன்" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதைச் சொல்ல உங்களுக்காவது மனசு வந்துதே சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பட்டப்பகலில், தெருவே பார்த்துக்கொண்டிருக்க, வரைபடக் கட்டுகளைத் தூக்கித் தூக்கிப் பின்னறைக்குக் கொண்டுபோய்ப் பூட்டினார். அதற்குப் பிறகு நான் வாயே திறக்கவில்லை. திறக்க அவசியமில்லை.

தையல்காரர் மறுநாள் பகல் ஒரு மணிக்கு வந்தார். அவர் பின்னால் முப்பது நாற்பது பேர். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மகன் செத்ததிலிருந்து அந்த மனிதர் பேசி யாரும் கேட்டதில்லை, அன்றைக்கும் பேசவில்லை. ஒருவன் மண்ணெண்ணெய்க் கேன் கொண்டுவந்தான். நான் சாப்பாட்டு இடைவேளையில் எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். சலூன்காரர் மட்டும் பதறிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார். "சார், நீங்கதான் அவருக்குப் பழக்கம். அவர் உள்ளே இருக்காரா?" என்றார்.

சாப்பிட்டதும் பின்னறையில் பாயை விரித்து ஒரு மணி நேரம் படுப்பது அவர் வழக்கம். உள்ளே தாழ் போட்டுக்கொள்வார். அந்தக் கூட்டத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"சாப்பாட்டு வேளைல யார் கடைல இருப்பாங்க?" என்றேன்.

அதுவும் கேள்விதான். சலூன்காரர் திரும்பிப் போய் உள்ளே யாருமில்லை என்று கையை ஆட்டினார். அதற்கப்புறம் நடந்தது உங்கள் காகிதங்களிலேயே இருக்கிறது. பழைய புத்தகம் எவ்வளவு சீக்கிரம் எரியும் என்று எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். தாழைத் திறக்கிற சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. ஒன்று நாற்பதுக்கு நான் அலுவலகம் திரும்பிவிட்டேன்.

ஆக, கொன்றவன் நான். அவர் குற்றமற்றவர். அவர் மகளிடம் இதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்கள். "சார், பழகின பாவத்துக்காக ஊர்ப் பழியை உங்க தலைல போட்டுக்காதீங்க. அவர் மேல அஞ்சு பேர் எழுதிக் கொடுத்திருக்காங்க. வேணும்னா நீங்களே படிச்சுப் பாருங்க" என்கிறீர்கள். கொடுங்கள், படிக்கிறேன்.

நன்றாக எழுதியிருக்கிறார்கள். முதல் இரண்டைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் இந்தச் சிவப்பு மோட்டார் சைக்கிள் நான் சொன்னதில்லை. வியாழக்கிழமைதோறும் ஒருவன் வந்து கட்டு வாங்கிப் போவானாம். என் நோட்டின் பதினேழிலும் இது கிடையாது. சலவைக்கடைக்காரர் எழுதியிருக்கிறார், பள்ளிக்கூட வேன் டிரைவர் எழுதியிருக்கிறார், தபாலாபீஸ் அம்மாள் எழுதியிருக்கிறார். இவர்களுக்குள் முகம் தெரிந்த பழக்கம்கூட இல்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு, ஐயா. ஒரே தெருவிலிருந்து மூன்று பேர் தனித்தனியாக வந்து தண்ணீர் கலங்கல் என்றால், போய்ப் பார்க்கவே வேண்டாம், கலங்கல்தான்.

வியாழக்கிழமைகளில் நான் கடைப்பக்கம் போனதே இல்லை. எனக்கு எப்படித் தெரியும்? அந்த இரண்டு பாகத்தைக்கூட அந்தக் கல்லூரி அம்மாளுக்கு ஏன் அவ்வளவு அவசரமாகக் கொடுத்தார்? இன்னொன்று. நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன், உடனே வரைபடங்களையெல்லாம் ஒளித்து வைத்தார். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? நான் ஏதோ ஒரு பேச்சுக்குச் சொல்லப்போய், அது நிஜத்தின் மேல் போய் விழுந்திருக்கிறது. அப்படி நடப்பதுண்டு. நான் சொல்லாவிட்டாலும் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள்.

இதுவரை எழுதியதைக் கிழித்துவிடுங்கள், ஐயா. என் பெயரை ஆறாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தபாலாபீஸ் அம்மாள் கடைசி வரியில் ஒன்று எழுதியிருக்கிறார், கவனித்தீர்களா? சில கட்டுகள் ஆஸ்பத்திரிப் பையில் போனதாம். அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிடுங்கள். பையையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.