நேர்ல வாங்கிக்க வேண்டிய திட்டு

இல்ல சார், அவன் வரல. நான்தான் வந்துகிறேன். எம்பேரு சுலைமான், செங்கல்பட்டு. உங்க ஸ்டோர்ல வேல செய்யற பஷீருதீனோட அத்தா. இந்தாங்க, நீங்க அனுப்பின மெமோ. மூணாவது. இதுல ஒரு வார்த்த கீது பாருங்க, ரெப்ரிமாண்டுன்னு. அத வாங்கிக்கத்தான் வந்தேன்.

அர்த்தம் தெரிஞ்சுகினுதான் வந்தேன் சார். மொதல்ல கம்பவுண்டரக் கேட்டேன், ஒரு வகை ஊசின்னுட்டாரு. அப்புறம் பக்கத்து வூட்டு வசுமதி டீச்சர் அகராதியப் பாத்து சொன்னாங்க. கோவமா கண்டிக்கிறதாம். ஆனா மேல இருக்கறவங்க பண்ணாத்தான் அந்தப் பேராம். பொஞ்சாதி பண்ணா அது பேஜாரு, கூட்டாளி பண்ணா சண்ட, அத்தா பண்ணா வெறும் திட்டு. ஆபீசர் பண்ணாத்தான் ரெப்ரிமாண்டு.

திட்டு வாங்கறதுல நான் பழைய ஆளு சார். ரங்கூன் கப்பல்ல சமையல் வேலைல இருந்தேன். கேப்டன் கத்தினா கப்பல் பாய் தானா விரிஞ்சுக்கும். ஒரு வாரம் காத்தே இல்ல, என்னத் திட்டித் திட்டியே கப்பலப் பினாங்குல கொண்ணாந்து சேத்தான். நீங்க சிரிக்கிறீங்க. பஷீரு சிரிக்க மாட்டான். போன தடவ சிங்கப்பூர்னு சொன்னியே அத்தாம்பான்.

எழுபத்திமூணுல சேந்தான். ரெண்டு வருசம், ஒரு நாள் லேட்டு இல்ல. நீங்களே சொல்றீங்களே.

மொத மெமோவுக்கே பதில் போட்டிருக்கணும். போடல. பெங்களூரு போய்கிறான்னு உங்க வாட்ச்மேன் கிட்ட புளுகினதும் நான்தான். வூட்ல யாரும் அவன் பேர எடுக்கறதில்ல சார். எடுத்தாலும் மெதுவா, பக்கத்துல யாரோ தூங்கற மாதிரி. இந்தப் பேப்பர் ஒண்ணுதான், எங்கடா போன, ஏன் வரல, பதில் சொல்லுன்னு அவன அதட்டுது. டீச்சர் இதப் படிக்கறப்ப சுல்தான் பீவி, அவன் அம்மா, இன்னொரு தபா படிங்கன்னா. அவ சோறு தின்னது அன்னிக்குத்தான்.

இப்ப இதுல, நேர்ல வந்து வாங்கிக்கலன்னா பேர எடுத்துடுவோம்னு போட்டுகிறீங்க. அதான் ஓடி வந்தேன். பேரு இருக்கட்டும் சார். சம்பளம் வேணாம். ரெஜிஸ்டர்ல பேரு மட்டும் இருந்தா போதும். அப்பப்ப ஒரு மெமோ போடுங்க.

அவனா. முட்டுக்காட்டுக்குக் குளிக்கப் போனான், போன மாசம், லீவு நாள்ல. தண்ணி இழுத்துகினு போச்சு. மறுநாள் கெடச்சான். அடக்கம் பண்ணிட்டோம். நாளைக்கு நாப்பதாம் நாளு.

ஏன் சார் பேனாவ மூடிட்டீங்க. எழுதின மாதிரியே திட்டுங்க. நான் நிக்கிறேன்.