முதல் குடம்

எங்கள் சந்துக் குழாயில் காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும். வரிசையில் எத்தனை சண்டை நடந்தாலும் முதல் குடம் எனக்குத்தான். வேறு யாரும் பிடிப்பதற்கு முன் பிடித்த தண்ணீர்தான் மந்திரிக்க ஆகும் என்று தாராவியில் நம் ஆட்களுக்குத் தெரியும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார். என்னை அவர்கள் எப்படி மதித்தார்கள் என்பது உங்களுக்குப் புரியவேண்டும்.

பெயர் சுயம்பு. வாரத்தில் ஆறு நாள் தோல் கிடங்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் திருநீறு போடுவேன், கறுப்புக் கயிறு கட்டுவேன், சொம்புத் தண்ணீரை மந்திரித்துக் கொடுப்பேன். காசு வாங்குவதில்லை. வெற்றிலையும் சூடமும் போதும்.

எண்பத்தாறு மே மாதம் பேராச்சி தன் மகள் பூமாரியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆறு வயதுப் பிள்ளை. கெண்டைக்காலில் நாய் கடித்திருந்தது.

“அண்ணாச்சி, ஆஸ்பத்திரில தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி போடணும்னு சொல்லுதாவ. ரெண்டு போட்டாச்சு. புள்ள கெடந்து துடிக்கா. ஊசியும் போட்டுக்கிடுதோம், நீங்களும் ஒரு கயித்தக் கட்டி விடுங்க.”

அவள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அதற்கு முந்தின மாதம் காய்ச்சலில் கிடந்த ஒரு குழந்தையை இப்படித்தான் இரண்டு பக்கமும் காட்டினார்கள். குழந்தை தேறியதும் டாக்டருக்குக் கைராசி என்று சந்து முழுக்கப் பேச்சு. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது, மறைக்க விரும்பவில்லை. அன்றைக்கு என் வாசலில் ஐந்தாறு பெண்கள் நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கயிறு கட்டுன ஒடம்புல ஊசி ஏறப்பிடாதும்மா. ரெண்டுல ஒண்ணு நீயே முடிவு பண்ணு,” என்றேன்.

அப்படி ஒரு விதியை எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. அந்த நிமிஷம் வாயில் வந்தது. பேராச்சி மகளின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, கையை நீட்டச் சொன்னாள். இனி ஊசி கிடையாது என்றதும் பூமாரி அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நாற்பத்தொரு நாள் கணக்கு வைத்துக் கட்டினேன்.

முப்பத்துநான்காம் நாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். பிள்ளை பாயில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். சொம்பைக் கண்டதும் அவள் தொண்டை இழுத்துக்கொண்டது. இரண்டு கையாலும் தள்ளினாள்.

“தண்ணி வேண்டாம் மாமா,” என்றாள். மரியாதையான பிள்ளை.

“பாத்தியா பேராச்சி, உள்ள இருக்கது மந்திரிச்ச தண்ணிக்குப் பயப்படுது. கயிறு வேல செய்யுது,” என்றேன். கூடியிருந்தவர்கள் கும்பிட்டார்கள். அந்தத் தண்ணீரை அவள் முகத்தில் மூன்று முறை தெளித்தேன். மூன்றாவது முறை அவள் போட்ட சத்தம், குழாயடியில் குடம் நிரம்பும்போதெல்லாம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. இரண்டு நாளில் போய்விட்டாள். கயிற்றை நான்தான் அவிழ்த்தேன்.

நாற்பத்தொரு நாளும் முடிந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று பேராச்சியிடம் சொன்னேன். “மொதல்ல ரெண்டு ஊசி போட்டு நாந்தான் கெடுத்துட்டேன்,” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அப்படியில்லை என்று நான் மறுக்கவில்லை.

அதிலிருந்து என்னால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. டீ இறங்குகிறது. சொம்பை உதட்டருகே கொண்டுபோனால் இரண்டு சின்னக் கைகள் அதைத் தள்ளுகின்றன. எனக்குப் பயமாக இருக்கிறது சார். உங்களிடம் புகார் கொடுத்தது பேராச்சியின் தம்பி, அவள் இல்லை. இன்று காலையும் முதல் குடத்தை அவள்தான் என் வாசலில் கொண்டுவந்து வைத்தாள்.

ஊசி போட்டால் பிழைக்கும் என்று தெரியுமா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். பூமாரி வருவதற்கு மூன்று வருஷம் முன்னால், ஆண்டாப் ஹில்லில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, என் மகள் செண்பகவல்லியை நாய் கடித்தது. கிடங்கில் லீவு போட்டுவிட்டுப் பதினான்கு நாளும் நான்தான் அவளை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். ஒவ்வொரு ஊசிக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கையில் ஒரு கயிறு கட்டலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.